ஒதுக்கிய இறால்களுக்கு ஒரு தனித் தொட்டி: வாசகர் கேள்வி – பதில்

மீன் தொட்டியில் அழகுக்காக வளர்க்கும் சிறு நன்னீர் இறாலான செர்ரி இறாலை வளர்ப்பவர்களிடமிருந்து இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே விஷயத்தைத்தான் கேட்டிருந்தன. நிறம் குறைந்து பிறப்பவற்றை என்ன செய்வது, அவற்றுக்கென்று தனித் தொட்டி வைத்தே ஆக வேண்டுமா என்பதுதான் அது. ஆகவே மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு, இதற்கு மட்டும் சற்று விரிவாகப் பதில் சொல்லலாம் என்று எண்ணுகிறேன்.

கேள்வி: இரண்டு அடித் தொட்டியில் சிவப்புச் செர்ரி இறால் வளர்த்து வருகிறேன். வாங்கியபோது எல்லாமே நல்ல சிவப்பாக இருந்தன. இப்போது நூற்றுக்கும் மேல் பெருகிவிட்டன. ஆனால் பாதிக்கு மேல் வெளிறிய நிறத்திலும், சில கண்ணாடி போலவும் இருக்கின்றன. மட்டமானவற்றைப் பிரித்துத் தனித் தொட்டியில் போடச் சொல்கிறார் நண்பர். இது அவசியமா? (அம்பத்தூர் வாசகர்)

பதில்: எதற்காக வளர்க்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. செடிகளுக்கு நடுவே இறால்கள் மேய்வதைப் பார்ப்பதே போதும் என்றால் எதையும் பிரிக்க வேண்டாம். வெளிறிய இறாலும் அதே ஆயுளோடு, அதே சுறுசுறுப்போடு வாழும், பாசியையும் அதே போலத்தான் தின்னும். வாங்கியபோது இருந்த நிறம் தலைமுறை தலைமுறையாக நிலைக்க வேண்டும் என்றாலோ, பிறருக்கு விற்கும் எண்ணம் இருந்தாலோ, பிரிக்காமல் முடியாது.

காரணம் எளியது. நாம் செர்ரி, ஃபயர் ரெட், ப்ளூ ட்ரீம், மஞ்சள் என்று பல பெயர்களில் வாங்குபவை பெரும்பாலும் நியோகாரிடினா டேவிடி என்ற ஒரே இனத்தின் நிறவகைகள். சீனா, தைவான் பகுதிகளின் ஓடைகளில் இந்த இனம் பழுப்பும் சாம்பலும் கலந்த, பாதி ஒளி ஊடுருவும் உடலோடுதான் திரிகிறது. மீனுக்கு இரையாகும் உயிருக்கு அந்த நிறம்தான் பாதுகாப்பு. சிவப்பு என்பது மனிதர்கள் பல தலைமுறைகளாகப் பொறுக்கி எடுத்துச் சேர்த்த குணம். அந்தச் சிவப்பின் அடர்த்தி ஒரே ஒரு மரபணுவால் முடிவாவதில்லை என்பதால், நல்ல நிறமுள்ள தாய்க்கும் தந்தைக்கும் பிறந்த குஞ்சுகளிலும் சில வெளிறியவையாக வரும். அவையும் இணைந்து இனம் பெருக்குமானால், நான்கைந்து தலைமுறைகளில் தொட்டியின் பொது நிறமே இறங்கிவிடும். இந்த இறால்கள் இரண்டு மூன்று மாதங்களில் பருவத்துக்கு வந்துவிடுவதால், அந்த நான்கைந்து தலைமுறைகள் ஓராண்டு சொச்சத்தில் கடந்துவிடுகின்றன. உங்கள் தொட்டியில் நடந்திருப்பதும் இதுதான் என்று தோன்றுகிறது.

ஒன்றை மட்டும் முன்கூட்டியே யோசித்துக் கொள்ளுங்கள். தனித் தொட்டி என்பது, வேண்டாதவற்றைக் கொட்டி மறந்துவிடும் இடம் அல்ல. அதற்கும் ஃபில்டர் வேண்டும், தண்ணீர் மாற்ற வேண்டும், உணவு போட வேண்டும். மேலும் அதற்குள் போகும் இறால்கள் அங்கேயும் பெருகும். அவற்றின் முடிவு என்ன என்று தீர்மானிக்காமல் தொட்டியை வாங்கினால், ஆறு மாதத்தில் மூன்றாவது தொட்டிக்கு இடம் தேட வேண்டி வரும்.

கேள்வி: எந்த இறாலை எப்போது ஒதுக்க வேண்டும்? குஞ்சு பிறந்த இரண்டு வாரத்திலேயே நிறமற்றவற்றைப் பிரிக்கத் தொடங்கிவிட்டேன். (மதுரை வாசகர்)

பதில்: தயவுசெய்து நிறுத்துங்கள். இதில் அவசரப்பட்டால் நல்ல இறால்களே முதலில் வெளியே போகும்.

செர்ரி இறாலின் குஞ்சு முட்டையிலிருந்து வெளிவரும்போதே பெரியதன் சிறு வடிவமாக, ஓரிரு மில்லிமீட்டர் நீளத்தில் இருக்கும். அப்போது எல்லாமே ஏறக்குறைய நிறமற்றவைதாம். ஒவ்வொரு முறை ஓடு கழற்றும்போதும் நிறம் கொஞ்சம் கொஞ்சமாக ஏறும். குறைந்தது இரண்டு மாதம் ஆகாமல், ஏறத்தாழ ஒன்றரை சென்டிமீட்டர் வளராமல், எந்த முடிவுக்கும் வராதீர்கள்.

அடுத்தது ஆண், பெண் வேறுபாடு. இதைக் கவனிக்காமல் பிரிப்பவர்கள்தாம் மிக அதிகம். பெண் இறால் உருவில் பெரியது; நிறம் அடர்த்தியாக இருக்கும்; வயிற்றின் அடிப்பகுதி வளைந்து இறங்கியிருக்கும்; பருவம் வந்தபின் தலைக்குப் பின்னால் முதுகுப் பக்கத்தில் மஞ்சளோ பச்சையோ கலந்த ஒரு திட்டு தெரியும், அதுதான் முட்டைப்பை. ஆண் இறால் சிறியது, ஒல்லியானது, அடிவயிறு நேர்கோடாக இருக்கும். நல்ல பரம்பரையில் பிறந்த ஆண்கூட அதே வயதுப் பெண்ணைவிட வெளிறித்தான் தெரியும். இரண்டையும் ஒரே தட்டில் வைத்து எடை போட்டால், சிவப்பாகத் தெரியும் பெண்களெல்லாம் தங்கி ஆண்களெல்லாம் வெளியேறிவிடுவார்கள். ஆணை ஆணோடும் பெண்ணைப் பெண்ணோடும் ஒப்பிடுங்கள்.

நம் ஊர் வெப்பத்துக்கும் இதில் பங்கு உண்டு. நீர் வெப்பநிலை உயர உயர இந்த இனத்தில் ஆண் குஞ்சுகளின் விகிதம் கூடுவதாக ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. கோடையில் பிறந்த குஞ்சுக் கூட்டம் மொத்தமும் நிறம் மங்கியிருப்பதாகத் தோன்றினால், பரம்பரை கெட்டுவிட்டது என்று முடிவு கட்டும் முன், அவற்றில் ஆண்கள் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள்.

மூன்றாவதாக, பார்க்கும் இடமும் நேரமும் முக்கியம். வெள்ளை மணலில் விட்ட நல்ல இறாலும் நிறத்தைக் குறைத்துக்கொள்ளும்; கறுப்பு அடிமண்ணில் அதுவே இருமடங்கு சிவப்பாகத் தெரியும். தண்ணீர் மாற்றிய உடனேயும், ஓடு கழற்றிய அன்றும், வலையில் பிடித்து அலைக்கழித்த பிறகும் நிறம் வெளுக்கும். எனவே ஐயமுள்ள இறால்களை ஒரு சிறு வெள்ளைப் பாத்திரத்தில் தொட்டி நீரோடு எடுத்து, பத்து நிமிடம் அடங்க விட்டு, பகல் வெளிச்சத்தில் பக்கவாட்டிலிருந்து பாருங்கள். முதுகில் மட்டும் சிவந்து, பக்கங்களில் உள்ளுறுப்புகள் தெரியும்படி இடைவெளி இருக்கிறதா, கால்களுக்கும் நிறம் இறங்கியிருக்கிறதா என்பவைதாம் கவனிக்க வேண்டியவை. கால் வரை நிறமுள்ள பெண்ணை எக்காரணம் கொண்டும் ஒதுக்காதீர்கள்.

ஃபயர் ரெட், பெயிண்டட் ஃபயர் ரெட் என்ற தர வரிசைகள் விற்பனையாளர்களும் வளர்ப்பவர்களும் வைத்துக்கொண்ட வழக்குப் பெயர்கள். ஒரு கடையின் ஃபயர் ரெட் இன்னொரு கடையில் வெறும் செர்ரியாக இருக்கலாம். உங்கள் தொட்டியில் இருப்பவற்றில் சிறந்த மூன்றில் ஒரு பங்கைத் தக்கவைப்பது, பெயரைத் துரத்துவதைவிடப் பயன் தரும். ஆனால் மிகச் சிறந்த நான்கைந்தை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை வெளியேற்றுவதும் தவறு. நெருங்கிய உறவுக்குள்ளேயே இனம் பெருகி, குஞ்சுகள் எண்ணிக்கையிலும் வலுவிலும் குறைந்துகொண்டே போகும். முப்பதுக்குக் குறையாத கூட்டத்தை முதன்மைத் தொட்டியில் வைத்திருங்கள்.

கேள்வி: ஒதுக்கிய இறால்தானே என்று ஒரு பிளாஸ்டிக் வாளியில் மெட்ரோ வாட்டர் நிரப்பி, கொஞ்சம் பாசியும் போட்டு விட்டேன். மூன்று நாளில் எல்லாம் செத்துவிட்டன. (மடிப்பாக்கம் வாசகர்)

பதில்: நிறம் குறைந்த இறாலுக்கு வேறு தண்ணீர் போதும் என்று நினைத்ததுதான் காரணம். குழாய்த் தண்ணீரில் உள்ள குளோரினை ஆன்டி-குளோரின் மருந்து இட்டோ, ஒரு நாள் காற்றோட்டத்தில் வைத்தோ நீக்கியாக வேண்டும். அது நீங்கினாலும், புதுத் தண்ணீரில் கழிவுகளை மாற்றித் தரும் நுண்ணுயிர்கள் இல்லை. அமோனியா ஏறிக்கொண்டே போகும். மீனைவிட இறால் அதை மிகக் குறைவாகவே தாங்கும்.

சரியான வழி இது. ஒன்றரை அடித் தொட்டி, அதாவது ஏறத்தாழ 40 லிட்டர், போதுமானது. அதற்கான ஸ்பாஞ்ச் ஃபில்டரை முதலில் உங்கள் முதன்மைத் தொட்டியிலேயே ஒரு மாதம் ஓட விடுங்கள். நுண்ணுயிர் ஏறிய அந்த ஸ்பாஞ்சோடும், முதன்மைத் தொட்டியிலிருந்தே எடுத்த பாதித் தண்ணீரோடும் புதுத் தொட்டியைத் தொடங்கினால், காத்திருக்கும் காலம் வெகுவாகக் குறையும். அமோனியாவும் அதிலிருந்து உருவாகும் நைட்ரைட்டும் சோதனையில் சுழியம் காட்டிய பிறகே இறாலை விட வேண்டும். ஜாவா மாஸ் என்ற நீர்ப்பாசிச் செடி, இரண்டு காய்ந்த நாட்டு வாதுமை இலை, சுண்ணச்சத்துக்கு ஒரு துண்டு கணவாய் ஓடு. அலங்காரம் இவ்வளவு போதும்.

தண்ணீரின் டிடிஎஸ், அதாவது கரைந்துள்ள உப்பு, தாதுக்களின் அளவு, 150 முதல் 300 வரையிலும், அமில-காரத் தன்மையைக் காட்டும் பிஹெச் 6.5 முதல் 8 வரையிலும் இருந்தால் செர்ரி இறாலுக்கு நல்லது. சென்னையின் பல பகுதிகளில் போர் தண்ணீர் இதைவிட எவ்வளவோ உப்பானது, அதை ஆர்.ஓ. தண்ணீரோடு கலந்து அளவுக்குக் கொண்டுவரலாம். வெறும் ஆர்.ஓ. தண்ணீரை மட்டும் நிரப்பினால் தாதுச்சத்து இல்லாமல் ஓடு கழற்றும்போது இறந்துவிடும். செம்பு கலந்த மீன் மருந்துகள் எதுவும் இந்தத் தொட்டிப் பக்கமே வரக் கூடாது.

மே மாத வெப்பம் தனிக் கவலை. நீர் 30 டிகிரியைத் தாண்டினால் இறால்கள் சோர்ந்துவிடும்; நீரில் கரைந்த ஆக்சிஜனும் அப்போது குறையும். சிறிய தொட்டி பெரியதைவிட விரைவாகச் சூடேறும் என்பதால் ஒதுக்குத் தொட்டிக்குத்தான் முதலில் ஆபத்து. நீர்ப்பரப்பின் மேல் ஒரு சிறு மின்விசிறியை வீச விடுங்கள். ஆவியாதலால் இரண்டு மூன்று டிகிரி குறையும். கடற்கரை ஊர்களின் ஈரக் காற்றில் இந்தப் பலன் கோயம்புத்தூரில் கிடைக்கும் அளவுக்குக் கிடைக்காது. ஆவியாகிப் போன அளவை ஆர்.ஓ. தண்ணீரால்தான் ஈடுகட்ட வேண்டும். போர் தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருந்தால் உப்பு ஏறிக்கொண்டே போகும்.

கேள்வி: ஒதுக்குத் தொட்டியில் இப்போது முதன்மைத் தொட்டியைவிட அதிக இறால்கள் இருக்கின்றன. பெருக்கத்தை எப்படித் தடுப்பது? (திருச்சி வாசகர்)

பதில்: ஒரு பெண் ஒரு முறைக்கு இருபது, முப்பது முட்டைகளை அடிவயிற்றில் சுமந்து, மூன்று நான்கு வாரத்தில் குஞ்சுகளாக வெளிவிடும், அடுத்த ஓடு கழற்றியதும் மீண்டும் இணையும். மீன் இல்லாத தொட்டியில் இந்தக் குஞ்சுகளில் பெரும்பகுதி பிழைத்துவிடும்.

மிக எளிய வழி, ஒதுக்குத் தொட்டியை ஆண்களுக்கு மட்டும் என்று வைத்துக்கொள்வது. ஒதுக்கும் வயதுக்குள் ஆண், பெண் பிரித்தறிய முடியும் என்பதால் இது நடைமுறையில் கடினமல்ல. ஒதுக்கிய பெண்களைச் சிறு மீன்கள் உள்ள செடித் தொட்டியில் விட்டுவிடலாம். அவற்றுக்குப் பிறக்கும் குஞ்சுகளில் பெரும்பாலானவற்றை மீன்களே பார்த்துக்கொள்ளும். ஒதுக்கும் நாளில் ஒரு பெண் முட்டை சுமந்திருந்தால், அந்த முட்டைகளின் தந்தை உங்கள் முதன்மைத் தொட்டியின் ஆண்தான் என்பதை நினைவில் கொள்ளுங்கள். அவசரப்பட்டு அவளை அனுப்பாமல், குஞ்சுகள் வெளிவரும் வரை அங்கேயே வைத்திருந்து பிறகு மாற்றலாம்.

உணவைக் குறைப்பதும் உதவும். இரண்டு மணி நேரத்தில் தின்று தீராத அளவுக்குப் போட்டால் இறால் மட்டுமல்ல, பிளனேரியாப் புழுக்களும் ஹைட்ரா என்ற நுண்ணிய நீர்வாழ் உயிரும் சேர்ந்தே பெருகும்.

கேள்வி: என்னிடம் சிவப்பு, நீலம், மஞ்சள் மூன்றும் தனித்தனியே உள்ளன. மூன்றிலும் ஒதுக்கியவற்றை ஒரே தொட்டியில் போடலாமா? (புதுச்சேரி வாசகர்)

பதில்: போடலாம், பார்க்கவும் அழகாக இருக்கும். ஆனால் அவை தமக்குள் இணைந்து பெறும் குஞ்சுகள் மெல்ல மெல்லப் பழுப்புக்கும் நிறமின்மைக்கும் திரும்பும். ஆண்கள் மட்டுமே உள்ள தொட்டி என்றால் இந்தச் சிக்கலும் இல்லை. கலப்புத் தொட்டியில் பிறந்த ஒன்றுகூட, பார்க்க எவ்வளவு சிவப்பாக இருந்தாலும், முதன்மைத் தொட்டிகளுக்குத் திரும்பக் கூடாது; அது உள்ளே மறைத்து வைத்திருக்கும் குணம் அடுத்தடுத்த தலைமுறைகளில் வெளிப்படும். வலையில் ஒட்டிக்கொண்டு ஒரு குஞ்சு போனாலே போதும் என்பதால், தொட்டிக்கொரு வலை வைத்துக்கொள்ளுங்கள்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. கூட்டத்திலிருந்து மாறுபட்டது எல்லாமே மட்டமானது அல்ல. 1990-களில் ஜப்பானில் ஹிசயாசு சுசூகி என்பவர், கறுப்பு வெள்ளைப் பட்டைகள் கொண்ட தேனீ இறால்களுக்கு நடுவே சிவப்புப் பட்டையோடு பிறந்தவற்றைக் கண்டு, ஒதுக்காமல் தனியே பெருக்கினார். இன்று உலகெங்கும் விலை போகும் கிரிஸ்டல் ரெட் இறால் அந்த வழியில் வந்தது. அந்தச் சிவப்பு, கறுப்போடு சேர்ந்தால் மறைந்துகொள்ளும் குணம் என்பதால், தனியே பெருக்கியிராவிட்டால் கூட்டத்துக்குள் கரைந்து போயிருக்கும். நிறம் குறைந்த இறாலையும், நிறம் மாறிய இறாலையும் வேறுபடுத்திப் பாருங்கள். இரண்டாவது வகைக்கு ஒரு சிறு பெட்டியாவது தனியே தரலாம்.

கேள்வி: நோய்ப்பட்ட இறாலை ஒதுக்குத் தொட்டியில் விடலாமா? (சேலம் வாசகர்)

பதில்: கூடாது. தலை முனையில் வெள்ளை முடி போன்ற ஒட்டுண்ணிகளோ, வயிற்றடியில் பச்சைப் பஞ்சு போன்ற வளர்ச்சியோ தெரியும் இறாலுக்கு வேறொரு பாத்திரம் வேண்டும்.

கேள்வி: மிகுந்துவிட்ட இறால்களை எங்கள் ஊர் ஏரியில் விட்டுவிடலாம் என்று இருக்கிறேன். கொல்வதைவிட அது புண்ணியம் அல்லவா? (செங்கல்பட்டு வாசகர்)

பதில்: உங்கள் நல்லெண்ணம் புரிகிறது, ஆனாலும் இதை மட்டும் செய்யவே செய்யாதீர்கள். ஏரி, கோயில் குளம், கிணறு, மழைநீர்க் கால்வாய் எதுவுமே கூடாது. தண்ணீர் மாற்றும்போது குஞ்சுகளோடு சேர்த்துச் சாக்கடையில் ஊற்றுவதும் கூடாது, அந்தத் தண்ணீரைத் தொட்டிச் செடிகளின் மண்ணில் ஊற்றுங்கள்.

ஜெர்மனியில் கில்பாக் என்றொரு ஓடை இருக்கிறது. அனல் மின்நிலையத்தின் வெந்நீர் அதில் கலப்பதால் குளிர்காலத்திலும் அது வெதுவெதுப்பாகவே ஓடும். யாரோ விட்ட இதே செர்ரி இறால் இனம் அங்கே நிலைத்துப் பெருகிவிட்டதை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். குளிர் நாட்டில் அதற்கு மின்நிலையத்தின் துணை தேவைப்பட்டது. நம் ஏரிகளுக்கு அந்தத் துணையும் வேண்டாம். நம் நீர்நிலைகளில் ஏற்கெனவே உள்ள சிற்றிறால் இனங்களோடு அவை உணவுக்குப் போட்டியிடும், தொட்டியில் பிடித்த நோயையும் கொண்டுபோகும். டேங்க் கிளீனர் என்று விற்கப்பட்ட மீன் இன்று ஏரிகளில் மீனவர் வலையைக் கிழித்துக்கொண்டிருப்பதை நீங்களே பார்த்திருப்பீர்கள். அதுவும் கண்ணாடித் தொட்டியிலிருந்து போனதுதான்.

வழி இல்லாமல் இல்லை. செடித் தொட்டி வைத்திருக்கும் அண்டை வீட்டாருக்கும் நண்பர்களுக்கும் பாசி தின்னும் கூட்டமாகக் கொடுக்கலாம். புதிதாக வாங்கிய செடியில் பூச்சிமருந்து இருக்கிறதா என்று தெரியாதபோது, முதன்மைத் தொட்டியில் வைக்கும் முன் அதை ஒதுக்குத் தொட்டியில் வைத்துப் பார்ப்பவர்களும் உண்டு. எனக்கு அது உவப்பானதல்ல, செடியைத் தனி வாளியில் பல நாள் தண்ணீர் மாற்றி மாற்றி வைத்தாலே போதும். மீனுக்கு இரையாகக் கொடுப்பதை நான் குறை சொல்ல மாட்டேன். நம் மேற்குத் தொடர்ச்சி மலை ஆறுகளைத் தாயகமாகக் கொண்ட குள்ள பஃபர் மீன் போன்றவை உயிருள்ள இரையையே விரும்புகின்றன. மீன் இறாலைத் தின்பது இயற்கையில் நடப்பதுதான், நொடியில் முடிந்துவிடுவதும்கூட. ஆனால் வெயிலில் காயவிடுவது, வெந்நீர் ஊற்றுவது, உப்பைக் கொட்டுவது போன்றவை வேண்டாம். பிரிட்டனில் 2022-இல் இயற்றப்பட்ட விலங்குகளின் உணர்திறன் சட்டம், நண்டு, இறால் வகைகளையும் வலி உணரும் உயிர்களின் பட்டியலில் சேர்த்திருக்கிறது.

கேள்வி: ஒதுக்கிய இறால்களைக் கொளத்தூர்ச் சந்தையில் ஒரு கடைக்காரர் வாங்கிக்கொள்வதாகச் சொல்கிறார். கொடுக்கலாமா? (பெரம்பூர் வாசகர்)

பதில்: தாராளமாகக் கொடுக்கலாம், என்ன கொடுக்கிறீர்கள் என்பதைச் சொல்லிக் கொடுக்கும் வரை. தரம் பிரித்ததில் மிஞ்சியவை, அல்லது நிறம் கலந்த தொட்டியில் பிறந்தவை என்று பையின் மேலேயே எழுதி ஒட்டிவிடுங்கள். அதைச் சொல்லாமல் விற்றால், வாங்கிய புதியவர் அவற்றை வைத்தே இனம் பெருக்கத் தொடங்கி, ஆறு மாதம் கழித்து அம்பத்தூர் வாசகரின் கேள்வியை எனக்கு எழுதுவார். விலையை வழக்கமானதில் பாதிக்கும் குறைவாக வையுங்கள். மீன் தொட்டிக்குப் பாசி தின்ன வாங்குபவருக்கு நிறம் பெரிய பொருட்டல்ல.

கொண்டுபோகும் முன் ஒரு நாள் உணவு போடாதீர்கள். பை நீர் கெடாமல் இருக்கும். பையில் மூன்றில் ஒரு பங்கு தொட்டி நீரும் மீதி காற்றுமாக விட்டு, பற்றிக்கொள்ள ஒரு பிடி மாஸ் போட்டு, முட்டை சுமப்பவற்றையும் அன்று ஓடு கழற்றியவற்றையும் பின்தங்க வையுங்கள். வெயில் ஏறும் முன், காலை ஒன்பது மணிக்குள் கடையில் சேர்த்துவிடுவது நல்லது. உங்கள் தண்ணீரின் டிடிஎஸ் அளவையும் கடைக்காரரிடம் சொல்லிவிட்டு வாருங்கள். அவர் தண்ணீருக்கும் உங்களுடையதற்கும் வேறுபாடு பெரிதாக இருந்தால், சொட்டுச் சொட்டாக ஒரு மணி நேரமாவது பழக்கித்தான் அவர் இறக்க வேண்டியிருக்கும்.